நான்கு நாற்றுகளும் ஒரு செய்தியும்

ஐம்பதாண்டுப் பத்திரிகை வாழ்வில் 'கஞ்சா' என்ற சொல்லை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று நான் கணக்கிட்டதில்லை. மன்னார்க் கடலில் கேரள கஞ்சா சிக்கியது, தணமல்விலக் காட்டில் கஞ்சாச் சேனை தீயிடப்பட்டது, பொதிகளுடன் இருவர் கைது என்று எழுதிய செய்திகளை அடுக்கினால் ஒரு சிறு நூலாகும். பொலிஸார் மேசையில் பரப்பிவைக்கும் உலர்ந்த பொதிகளையும் நீதிமன்றத்தில் முத்திரையிட்டுக் கொண்டுவரப்படும் உறைகளையும் பல தடவை கண்டிருக்கிறேன். ஆயினும் அந்தச் செடியை உயிருடன் நான் முதன்முதலாகப் பார்த்தது எனது எழுபத்திரண்டாவது வயதில், கனடாவில், ஒரு பழைய நண்பரின் வீட்டு நிலவறையில்தான்.

2024 ஜனவரியில் மகளைப் பார்ப்பதற்காக ரொறன்ரோவுக்குச் சென்றிருந்தேன். வெளியே மறை பத்துப் பாகைக் குளிர். ஸ்காபரோவில் வசிக்கும் அந்த நண்பர் எழுபதுகளில் என்னுடன் ஒரே பத்திரிகையில் ஒப்புநோக்காளராக இருந்தவர். ஈய எழுத்துக்களின் காலம் அது. ஒரு கொம்பு, ஒரு சுழி தவறினாலும் அவருடைய கண் பிடித்துவிடும். குடல் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த அவர் பாதி எடையாகியிருந்தார். நான் சென்ற இரண்டாம் நாள் வெள்ளணுக்கள் குறைந்து காய்ச்சல் கண்டது. மருத்துவமனைக்குப் புறப்படும் நேரத்தில் என் கையைப் பிடித்தார்.

"உமக்கு ஒரு வேலை இருக்கு, செய்வீரோ? கீழ நாலு கன்று நிக்குது. நான் வருமட்டும் பாத்துக்கொள்ளும்."

"என்ன கன்று?"

"நீர் வாழ்நாள் முழுக்க எழுதின கன்றுதான்."

பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அண்ணை, நான் அதுக்குத் தண்ணி ஊத்தமாட்டன். சாமியறைக்கு நேர கீழ வைச்சிருக்கிறார்" என்றார். ஆகவே அந்தப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது.

நிலவறைக்கு இறங்கினேன். மூலையில் நான்கடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒரு கறுப்புத் துணிக்கூடாரம். உட்புறம் வெள்ளிபோல் பளபளக்கும் தாள். மேலே ஒரு தட்டையான எல்.ஈ.டி விளக்குப் பலகை. கீழே, அடியில் துளையிட்ட நான்கு பிளாஸ்டிக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு நாற்று. உருண்டையான இரண்டு வித்திலைகள். அவற்றின் நடுவே இன்னும் விரியாத ஒரு பச்சைப் புள்ளி. அவ்வளவுதான். எத்தனையோ இளைஞர்களைச் சிறைக்கு அனுப்பிய தாவரம் இதுவா என்று நினைத்தேன்.

கூடாரத்தின் பக்கத்துச் சுவரில் இரண்டு தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. ஒன்று சட்டத்தின் சுருக்கம். கனடாவின் கஞ்சாச் சட்டம் 2018 ஒக்ரோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒன்ராறியோவில் பத்தொன்பது வயது நிரம்பியவர்கள் ஒரு வீட்டில் நான்கு செடிகள் வரை வளர்க்கலாம். பொது இடத்தில் 30 கிராம் வரை உலர்ந்த கஞ்சாவை உடன் வைத்திருக்கலாம். நாட்டின் எல்லையைத் தாண்டிக் கொண்டுசெல்லவோ கொண்டுவரவோ கூடாது. பக்கத்து மாகாணமான கியூபெக்கில் வீட்டில் ஒரு செடியும் வளர்க்க முடியாது. அந்தத் தடை செல்லுமென்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

மற்றத் தாள் நண்பரின் கையெழுத்தில் எனக்கான அறிவுறுத்தல். விளக்கு காலை 6 மணிக்குத் தானாக எரிந்து நள்ளிரவில் அணையும், தொடவேண்டாம். விளக்குக்கும் நாற்றின் தலைக்கும் இடையே 24 அங்குலம். வெளிச்சம் 30 சதவீதம். வெப்பம் 24 பாகை. உரம் கூடவே கூடாது. கடைசி வரியில் 'தண்ணீர் ஊற்றவும்' என்று எழுதி, 'ஊற்றவும்' என்பதை ஒப்புநோக்காளர் குறியிட்டு வெட்டி, 'காட்டவும்' என்று திருத்தியிருந்தார். அந்தத் திருத்தத்தின் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

நான் புகையிலைத் தோட்டக்காரரின் மகன். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் அப்பா நாற்றுமேடை போட்டதையும், நட்ட கன்றுகளுக்கு முதல் நாட்களில் வெயில் படாமல் மறைப்புக் கட்டியதையும், காலையும் மாலையும் தண்ணீர் தெளித்ததையும் பார்த்து வளர்ந்தவன். நாற்று வளர்ப்பைப் பற்றி எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? அந்த நினைப்பில் அப்பாவைப் போலவே காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். மேல் மண் சற்று உலர்ந்தாற்போல் தெரிந்தாலும் மனம் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு நாற்றின் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கறுத்து, நூல்போல் மெலிந்திருந்தது. மறுநாள் அது சரிந்து கிடந்தது. தண்ணீர் இறைத்த மண்ணில் பூஞ்சணமும் அதையொத்த கிருமிகளும் பெருகி இளந்தண்டை அழுகச் செய்யும் நோய் அது. நாற்றழுகல் என்று நம் விவசாயிகள் சொல்வார்கள். அப்பாவின் நாற்றுமேடையிலும் அடைமழைக் காலத்தில் அது வந்ததுண்டு. அதை நான் மறந்துபோனேன்.

பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அப்பாவின் மேடையில் வெயிலும் காற்றும் அரை நாளில் ஈரத்தை உறிஞ்சிவிடும். கூடாரத்தில் அவை இல்லை. முன்னர் வீட்டுக்குள் செடி வளர்த்தவர்கள் சோடிய ஆவி விளக்குகளைப் பயன்படுத்தினார்கள். அவற்றின் சூடே மண்ணை உலர்த்தியது. எல்.ஈ.டி விளக்கு இலைகளின் மேல் அவ்வளவு வெப்பத்தை வீசுவதில்லை. ஆகவே செடி குடிக்கும் நீரும் குறைவு, மண்ணில் தங்கும் ஈரம் அதிகம். பழைய கைப்பழக்கத்தில் தண்ணீர் விட்டால் வேர் மூச்சுத் திணறும். கோப்பையைக் கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். கனமாக இருந்தால் அன்று தண்ணீர் தேவையில்லை. இலேசாகி இருந்தால் தண்டுக்கு நேரே விடாமல் சுற்றிவர ஓரிரு மேசைக்கரண்டி. 'காட்டவும்' என்று நண்பர் திருத்தியது இதைத்தான்.

என் அடுத்த பிழை விளக்கில் நேர்ந்தது. முதல் நாற்றுச் செத்ததற்கு விளக்கின் கடுமையும் ஒரு காரணமோ என்ற பயத்தில், தாளில் எழுதியிருந்ததை மீறிப் பலகையை மேலும் ஒன்றரை அடி உயர்த்திவிட்டேன். மூன்று நாட்களில் எஞ்சிய மூன்றும் ஒல்லியாக நீண்டு, தலை பாரம் தாங்காமல் சாய்ந்தன. வெளிச்சம் போதாதபோது நாற்று இலையைப் பெருக்காமல் தண்டை நீட்டி ஒளியைத் தேடுகிறது, தேடியே மெலிகிறது. கிட்ட இருந்தாலோ இலையின் விளிம்பு மேல்நோக்கி மடங்கும், நுனி வெளிறும். கனிவு என்று எண்ணி நான் செய்ததெல்லாம் அந்தப் பயிர்களுக்குக் கெடுதலாகவே முடிந்தது.

விளக்கை மறுபடி 24 அங்குலத்துக்கு இறக்கினேன். நீண்ட தண்டுகளைச் சுற்றி வித்திலைகளுக்குச் சற்றுக் கீழ்வரை மண் அணைத்தேன். சிறு மின்விசிறி ஒன்றை நேரே படாமல் சுவரைப் பார்க்க வைத்தேன். இலேசான அசைவில் தண்டு உரம்பெறும். பனிக்காலத்தில் வீட்டின் சூடாக்கி காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உலர்த்திவிடுவதால் ஈரப்பதமானி 25 சதவீதம் காட்டியது. நாற்றுகளுக்கு 65 வேண்டும். வெட்டிய தண்ணீர்ப் போத்தல்களைக் கவிழ்த்து மூடி, நாளுக்கிருமுறை திறந்து காற்றுக் காட்டினேன். ஒரு வாரத்தில் மூன்றும் நிமிர்ந்தன. வித்திலைகளுக்கு மேலே வாள்பல் விளிம்புடைய ஒற்றையிலைச் சோடி, அடுத்து மூன்று விரல் இலை என்று ஒழுங்காக விரிந்தன.

அந்த வெண்ணொளியின் கீழ் நாற்காலி போட்டு நெடுநேரம் உட்கார்ந்திருப்பேன். நீல எல்.ஈ.டியைக் கண்டுபிடித்ததற்காக அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தபோது அந்தச் செய்தியை மொழிபெயர்த்தவன் நான். நீல எல்.ஈ.டியின் மேல் ஒளிரும் பூச்சுப் பூசித்தான் இந்த வெள்ளை வெளிச்சம் பெறப்படுகிறது. அந்த நீலக்கூறுதான் நாற்றை நெட்டையாக விடாமல் கட்டையாக, உரமாக வைத்திருக்கிறது. செய்தியை எழுதிய நாளில் இது எனக்குத் தெரியாது.

ஒருநாள் அப்படி இருந்தபோது சுவரிலிருந்த சட்டத் தாளில் '30 கிராம்' என்ற எண்ணில் கண் நின்றது. வேறோர் எண் நினைவுக்கு வந்தது. 12 கிராம்.

1978ஆம் ஆண்டு. நீதிமன்றச் செய்திகளுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். வடபகுதி நீதிமன்றமொன்றில் 12 கிராம் கஞ்சா வைத்திருந்ததாக ஓர் இளைஞர் நிறுத்தப்பட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதவான் தண்டப்பணம் விதித்தார். ஏழு வரிச் செய்தி. பெயர், வயது, ஊர், தந்தையின் பெயர் எல்லாவற்றையும் எழுதினேன். இரவு அச்சுப்படியைக் கொண்டுவந்த ஒப்புநோக்காளர் என் மேசையருகே சற்று நின்றார்.

"இதில பிழையொண்டும் இல்லை. ஆனா இந்தப் பொடியன்ர பேர் வேணுமே?" என்று கேட்டார்.

"செய்தி எண்டால் பேர் வேணும்" என்றேன் நான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

பத்து நாட்கள் கழித்து ஒரு முதியவர் அலுவலக வாசலில் வந்து நின்றார். தோளில் சால்வை, கையில் மடித்த பத்திரிகை. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. மகனுக்கு எழுதுவினைஞர் வேலைக்கு நேர்முகத் தேர்வு முடிந்திருந்ததாகவும், இனி அது கிடைக்காது என்றும், மகளுக்குப் பேசிய இடத்தார் செய்தியைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டதாகவும் சொன்னார். குரலில் கோபம் இருக்கவில்லை. "தண்டம் கட்டினால் முடிஞ்சுதெண்டு நினைச்சம், தம்பி. பேரைப் போடாமல் விட்டிருக்கலாமே" என்றார். நான் பத்திரிகைத் தர்மம் பற்றி ஏதோ விளக்கம் சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சென்றார். மகன் அடுத்த வருடம் ஊரை விட்டுப் போய்விட்டதாகப் பின்னர் கேள்விப்பட்டேன்.

அந்த முதியவரும் புகையிலைத் தோட்டக்காரர். புகையிலை எத்தனை பேரின் நெஞ்சை அரித்தது என்பதை இன்று உலகமே அறியும். ஆனால் அந்தப் புகையிலைக் காசில்தான் நான் படித்தேன், அவருடைய மகனும் படித்தார். அந்தப் பயிருக்காக எவர் பெயரும் நீதிமன்றச் செய்தியில் வரவில்லை. கஞ்சா நல்லது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. இளம்வயதில் அதில் வீழ்ந்து மனநலம் கெட்டவர்களை நான் அறிவேன். 12 கிராமுக்கு நீதவான் விதித்த தண்டனை ஒரு தொகைப் பணம். அதற்குமேல் நான் விதித்தது வேறு. அதற்கு எல்லை வரையறுக்க எந்த நீதவானும் இருக்கவில்லை.

சட்டங்களும் நிலையாக நின்றதில்லை. கனடா 1923இல் கஞ்சாவைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. தொண்ணூற்றைந்து ஆண்டுகளின் பின் விலக்கியது. இலங்கையில் 1929ஆம் ஆண்டின் நச்சுப்பொருட்கள், அபின், ஆபத்தான ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இன்றும் இருக்கிறது. அதேவேளை நம் சித்த, ஆயுர்வேத வைத்தியத்தில் கஞ்சா சேரும் லேகியங்களும் இருக்கின்றன.

நண்பரின் வெள்ளணுக்கள் சற்று ஏறியதும் முகக்கவசம் அணிந்து பார்க்க அனுமதித்தார்கள். முதலில் ஒரு நாற்றுச் செத்துப்போனதைச் சொன்னேன். களைப்போடு சிரித்தார். "நாலுக்கு மேல கூடாதெண்டுதான் சட்டம். குறையக்கூடாதெண்டு இல்லை" என்றார்.

கடையில் வாங்கலாமே, ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். மருந்தேற்றிய பின் வரும் குமட்டலுக்கு மருத்துவர்கள் மாத்திரை கொடுத்திருந்தார்கள். கஞ்சாவின் வேதிப்பொருளையோ அதையொத்ததையோ செயற்கையாகச் செய்த நபிலோன், ட்ரோனாபினோல் ஆகிய இரு மருந்துகளுக்கு அமெரிக்கா 1985இலேயே குமட்டலுக்காக அனுமதி வழங்கியது. புற்றுநோயை அது குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதையும் நண்பர் அறிந்திருந்தார். மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் விதை போட்டிருந்தார். புகைக்கக் கூடாது, பூஞ்சணம் பிடித்ததைத் தொடவே கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார்.

"வாங்கலாம்தான். ஆனா மருந்து ஏத்தினால் மூன்று நாள் படுக்கை. சுவரைத்தான் பாக்க வேணும். ஏதாவது ஒண்டு வளருறதைப் பாத்தால் நல்லாயிருக்கும் போல இருந்தது" என்றார்.

சற்று நேரம் சென்றபின் 1978ஐப் பற்றிக் கேட்டேன். அந்தப் பெயர் நினைவிருக்கிறதா என்றேன். ஒரு கணமும் தாமதிக்காமல் முழுப்பெயரையும் சொன்னார்; முதலெழுத்தோடு சொன்னார்.

"எத்தனையோ ஆயிரம் பேரைத் திருத்தினனான். பிழையில்லாத அந்தப் பேர்தான் மறக்கேல்லை" என்றார். பிறகு, "நான் இன்னொருக்காக் கேட்டிருக்கலாம்" என்றார்.

அவர் தன்மேல் பங்கெடுத்துக்கொண்டது என்னை இன்னும் வருத்தியது. கேட்டவர் அவர். மறுத்தவன் நான்.

அன்று மாலை வேறொரு விடயத்தைப் படித்தேன். கனடாவில் முன்னர் கஞ்சாவை வெறுமனே வைத்திருந்தமைக்காக மட்டும் தண்டிக்கப்பட்டவர்கள், தங்கள் குற்றப்பதிவை ஒதுக்கிவைக்கும்படி கட்டணமின்றி விண்ணப்பிக்கலாம். அதற்கான சட்டம் 2019 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அரசாங்கத்தின் கோப்பை இப்படி ஒதுக்கிவைக்கலாம். அச்சான பத்திரிகையை என்ன செய்வது? அந்த ஏழு வரி எங்கோ ஒரு சுவடிக்கூடத்தில், பழுப்பேறிய தாளில், தந்தையின் பெயரோடு இன்னும் இருக்கும்.

பதினாறாம் நாள் நண்பர் வீடு திரும்பினார். படியிறங்க இயலாமல் இருந்தபடியால் மூன்று கோப்பைகளையும் தட்டில் வைத்து நான் மேலே கொண்டுவந்தேன். கண்ணாடியை உயர்த்தி, அச்சுப்படி பார்ப்பதுபோல் ஒவ்வோர் இலையாகப் பார்த்தார். "தண்டு நீண்டிருக்கு. விளக்கை உயர்த்தினீரோ?" என்று கேட்டார். ஒப்புக்கொண்டேன். அப்போது அவருடைய மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அதில கடைசிக் கன்றுக்குத் தண்ணி காணாது போல கிடக்கு" என்றார். கோப்பையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.

பெப்ரவரி இறுதியில் கொழும்புக்குத் திரும்பினேன். விமானத்துக்குப் புறப்படுமுன் நகக்கண்ணில் மண் இருக்கிறதா என்று பார்த்து இரண்டு தடவை கை கழுவியது இப்போது நினைக்கச் சிரிப்பாக இருக்கிறது. நண்பர் ஏப்ரலில் ஒரு படம் அனுப்பினார். விளக்கைப் பன்னிரண்டு மணிநேரமாகக் குறைத்ததும் பூக்கத் தொடங்கிவிட்டனவாம். நீண்ட இரவு வந்துவிட்டதென்று கண்டால்தான் அந்தச் செடி பூக்கும். மே மாதத்தில் அறுவடை. சில இரவுகளில் குமட்டல் தணிந்தது, சில இரவுகளில் தணியவில்லை என்று எழுதியிருந்தார். மருந்தேற்றும் சுற்றுகள் முடிந்து இப்போது ஓரளவு தேறியிருக்கிறார்.

பிழையான செய்தி போட்டால் மறுநாள் 'திருத்தம்' என்று ஒரு சிறு பெட்டி போடுவது எங்கள் வழக்கம். பெயர் தவறியதற்கும் தொகை தவறியதற்கும் நான் பல தடவை போட்டிருக்கிறேன். அந்த ஏழு வரியில் பெயரும் சரி, வயதும் சரி, கிராமும் சரி. திருத்தம் போடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன், பெயரை விட்டுவிட்டு.